ஜெயமணி குறைத்த பிரீமியமும் நான் குறைத்த பிரீமியமும்

புதிதாக முகவர் உரிமம் வாங்கியிருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கிளை மேலாளர் கேட்டார். பாலிசி விற்பது எப்படி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். அதைச் சொல்லித்தர இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். போர்ட் பிளேரில் இருபத்தாறு வருஷம் வீடு, கடை, வண்டிகளுக்குக் காப்பீடு எழுதியவன் நான். அந்தக் காலத்தில் பொறாமையால் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன். இதை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சுனாமிக்கு முன்னால் இந்த ஊரில் வீட்டுக்குக் காப்பீடு என்றால் சிரிப்பார்கள். கடல் வந்துபோன பிறகு நான் யாரையும் தேடிப் போகவில்லை. அவர்களே வந்தார்கள். நான் சொன்ன தொகைக்குக் காசோலை எழுதினார்கள். அவர்கள் கண்ணில் இருந்த பயம் எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைக்கலாம் என்பதும் தெரிந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு பாலிசி எழுதினேன். மனையின் விலையையும் சேர்த்து வீட்டு மதிப்பாகப் போட்டேன். மனை எரியாது, காற்றில் பறக்காது. அதற்கும் சேர்த்துப் பணம் கட்டினார்கள். அந்தக் கமிஷனில்தான் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு மாடி எழும்பியது. கிளையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. நான் இல்லாதபோதும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

நான்கைந்து வருஷத்தில் பயம் தணிந்தது. பிரீமியம் மட்டும் அப்படியே நின்றது. "சார், ஏதாவது குறைக்க முடியுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். "ரேட்டெல்லாம் மேலேயிருந்து வருது, என் கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஜெயமணி முகவராக வந்து சேர்ந்தார்.

இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் அவருடையது. அப்பா பால் வெட்டும் தொழிலாளி. சுனாமியில் வீடு, பாத்திரம், ரேஷன் அட்டை எல்லாம் போய், அப்பாவும் மகளுமாகப் போர்ட் பிளேருக்கு வந்து தகரக் கொட்டகையில் சில வருஷம் இருந்தவர்கள். ஜெயமணிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். உயரம் குறைவு, குரலும் மெல்லியது. இவர் எங்கே தேறப்போகிறார் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து மண்டல் டீச்சர் கிளைக்கு வந்தார். எங்கள் தெருவில் இருந்த வங்காளி ஆசிரியை. பல வருஷமாக என் வாடிக்கையாளர். பக்கத்தில் ஜெயமணி நின்றார்.

"தாதா, புரா மத் மானியே," என்றார் டீச்சர். அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. பிறகு நான் எழுதிய பாலிசியை ரத்து செய்யும் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார்.

"என்ன விஷயம்?" என்றேன் ஜெயமணியைப் பார்த்து.

"சார், டீச்சர் வீட்டு லோனுக்கு பேங்க்லயே ஒரு பாலிசி ஓடுதுங்க. அதே வீடு, அதே தொகை. ரெண்டு எடத்துல கட்டினாலும் நஷ்டத்துக்கு மேல வராதுங்களே. இது சாருக்குத் தெரியாம இருந்திருக்கும்னுதான் டீச்சர்கிட்ட சொன்னேன்."

எனக்குத் தெரியும். வங்கிப் பாலிசியின் நகலை டீச்சர் என்னிடம்தான் முதலில் காட்டியிருந்தார். தெரியாமல் இருந்திருக்கும் என்று ஜெயமணி எனக்கு ஒரு வழிவிட்டுக் கொடுத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதன்பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பிக்கப் வண்டி வைத்திருந்த தெலுங்குக்காரர் ஒருவர். வண்டியில் சின்னக் கீறல் விழுந்தாலும் நான் அவருக்கு இழப்பீடு வாங்கிக் கொடுப்பேன், அவரும் என்னைக் கெட்டிக்காரன் என்று புகழ்வார். இழப்பீடு கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதனால் போய்க்கொண்டிருந்ததை நான் சொன்னதில்லை. ஜெயமணி சொன்னார். "கீறல நீங்களே பெயிண்ட் அடிச்சுக்கங்க. சின்ன நஷ்டத்த நான் தாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுத்தா பிரீமியம் எறங்கும். நம்மால தாங்க முடியாத நஷ்டத்துக்குத்தாங்க இன்சூரன்ஸ்." நம் தொழிலில் இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் கேட்டதில்லை. அதை அந்தத் தெலுங்குக்காரர் வாய் நிறையச் சிரிப்போடு என்னிடமே வந்து சொன்னார்.

ஜெயமணி குறைப்பதோடு நின்றிருந்தாலும் சமாளித்திருப்பேன். விலை குறைக்கும் ஆள் என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம். சில இடங்களில் அவர் கூட்டவும் சொன்னார். மணலும் சிமெண்டும் கம்பியும் கப்பலில் வரும் ஊர் இது, மெயின்லாண்ட் கணக்கில் கட்டுமானச் செலவைப் போட்டால் இங்கே அரைச் சுவருக்குக்கூடக் காணாது என்று சொல்லி, மனை விலையை எடுத்துவிட்டுக் கட்டடத்தின் மதிப்பை உயர்த்தினார். கூட்டச் சொன்னபோதும் மக்கள் கேட்டார்கள். காரணம் எளிது. பாலிசியோடு வரும் பொடி எழுத்து நிபந்தனைகளை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அகராதி வைத்துக்கொண்டு படித்திருந்தார். நான் இருபது வருஷத்தில் ஒருமுறைகூடக் கடைசிப் பக்கத்துக்குப் போனதில்லை.

அவரிடம் ஒரு நீலக் குடை இருந்தது. டெய்ரி ஃபார்ம் சரிவில் மழை நாட்களில் நான் ஸ்கூட்டரில் போகும்போது என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டு வாசலில் அந்தக் குடை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே பேச்சுச் சத்தமும் டீ கிளாஸ் சத்தமும் கேட்கும். வண்டியை நிறுத்தாமல் போய்விடுவேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. அடுத்த மழைக்கு அந்தக் குடை எந்த வாசலில் இருக்கும் என்று பெயர்ப் பட்டியல் ஓடும். உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். ஐம்பது வயது ஆள், கிட்டத்தட்ட மகள் வயதுள்ள ஒரு பெண்ணைப் பார்த்து வயிறு எரிகிறேன் என்று எப்படிச் சொல்வது?

வடக்கே லாங் ஐலண்ட் தீவிலிருந்து என் பழைய வாடிக்கையாளர் ராமையா அண்ணன் போன் செய்தது அப்போதுதான். கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் பெரிய கடை அவருடையது. அரிசி, சர்க்கரை, சிமெண்ட், தகர ஷீட், ஆணி எல்லாம் கிடைக்கும். மூன்று தலைமுறையாக இந்தத் தீவுகளில் இருக்கும் குடும்பம். என்னை எப்போதும் தம்பி என்பார்.

"தம்பி, ஜெயமணின்னு ஒரு பொண்ணு அடுத்த வாரம் ஜஹாஸ்ல வருதாம். கடையப் பாத்து பிரீமியம் கொறச்சுத் தர்றேன்னு சொல்லுது. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. நானே வர்றேன்," என்றேன்.

அடுத்த நாளே கப்பல் ஏறினேன். மழைக்காலத்துக்கு முந்தைய சமயம். கப்பல் தவறினாலும் ஊருக்குச் சாமான் இருக்க வேண்டும் என்று அண்ணன் கடையை உத்தரம் வரை நிரப்பி வைத்திருந்தார். நான் சுற்றிப் பார்த்துவிட்டு, சரக்கின் மதிப்பைப் பாதியாகப் போட்டுப் படிவத்தை நிரப்பினேன். பிரீமியமும் ஏறக்குறைய பாதியாக இறங்கியது.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தொகையைப் பார்த்தார். "அரே, இவ்ளோ கம்மியா? எப்படி தம்பி?"

"உங்களுக்காக ஸ்பெஷலா பேசினேன்."

"நீ இருக்கும்போது எனக்கு வேற யாரு வேணும்," என்று கையெழுத்துப் போட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். பத்து மூட்டை இருக்கும் இடத்தில் ஐந்து மூட்டைக்குத்தான் பணம் கட்டியிருக்கிறோம் என்று வையுங்கள். நான்கு மூட்டை நனைந்தால் நான்குக்கும் பணம் வரும் என்று கடைக்காரர் நினைப்பார். வராது. மீதிப் பாதியின் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார் என்று கம்பெனி கணக்கிடும். இரண்டு மூட்டைக்குத்தான் பணம் வரும். மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைப்பதைப் போல எளிய வழியும் இல்லை, அதைப் போல மோசமான வழியும் இல்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். திரும்பி வரும் கப்பலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் இருந்தது. பிறகு வேறொரு வாசலில் குடையைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் பஜாரில் ஒரு கடையில் உட்கார்ந்து எங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் டைப் அடித்தேன். கீழே பெயர் போடவில்லை. ஜெயமணி தன் கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளர்களுக்கே திருப்பிக் கொடுத்து ஆள் பிடிக்கிறார் என்று எழுதினேன். நம் தொழிலில் அது சட்டப்படி குற்றம், நிரூபணமானால் உரிமம் போய்விடும். அவர் அப்படிச் செய்ததாக எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் டைப் அடித்து முடிப்பதற்குள், அப்படித்தான் செய்திருப்பார் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

விசாரணை முடியும்வரை ஜெயமணி புதுப் பாலிசி எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். அவருக்கு இந்தி தெரியாது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வங்காளிகள், தெலுங்கர்கள். எல்லோருக்கும் பொதுமொழி இந்திதான். கூடப் போய் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று மேலாளர் சொன்னபோது, நான் போகிறேன் என்று முந்திக்கொண்டேன். ஜெயமணி மாட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

முதலில் மண்டல் டீச்சர் வீடு. அதிகாரி கேட்டார், நான் இந்தியில் கேட்டேன். அந்தப் பெண் பணம் ஏதாவது திருப்பிக் கொடுத்தாரா?

டீச்சர் இந்தியில் சொன்னது இது: "அவள் எனக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. தேவையில்லாத பாலிசியை நிறுத்தச் சொன்னாள். அதில் அவளுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவு நேர்மையான பெண்ணை நான் பார்த்ததில்லை."

அதிகாரி பேனாவோடு என் முகத்தைப் பார்த்தார். என் எதிராளியின் புகழை என் வாயால் சொல்ல வேண்டிய இடம்.

"ஓடிக்கிட்டிருந்த ஒரு பாலிசிய நிறுத்த வச்சிருக்காங்க சார். பணம் வாங்கினதா ஞாபகம் இல்லங்கறாங்க," என்றேன்.

தரவில்லை என்பதை ஞாபகம் இல்லை என்று ஆக்கினேன். அவ்வளவுதான் மாற்றம். அதிகாரி எழுதிக்கொண்டார். பிக்கப் வண்டிக்காரரிடமும் அதே வேலையைச் செய்தேன். ஒரு மணி நேரம் அவர் ஜெயமணியைப் பற்றிப் பேசினார், நான் மூன்று வரியில் முடித்தேன்.

அதிகாரி நிதானமான மனிதர். "பாலிசி எடுத்தவங்க சாதகமாப் பேசலாம், பயந்துக்கிட்டு மறைக்கவும் செய்யலாம். எடுக்காதவர் ஒருத்தரக் கேட்டாதான் விளங்கும்," என்றார். தான் போய்த் தோற்றுத் திரும்பிய இடங்களையும் ஜெயமணி தன் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் முதல் பெயர் லாங் ஐலண்ட் ராமையா.

அங்கே என் மொழிபெயர்ப்புக்கு வேலை இல்லை. ராமையா அண்ணன் தமிழில் பேசினார்.

"வந்துச்சு சார் அந்தப் பொண்ணு. பைசா தர்றேன்னெல்லாம் ஒண்ணும் சொல்லல. நம்ம தம்பி எழுதின பாலிசியப் பாத்துட்டு, 'அண்ணா, இது ஏன் சீப்பா இருக்குன்னா சரக்க பாதியா காட்டியிருக்காங்க. நஷ்டம் வந்தா பாதிதான் வரும், உடனே ஏத்திப் போடுங்க. என்கிட்ட போட வேணாம், அவர்கிட்டயே சொல்லிப் போடுங்க'ன்னுச்சு. எனக்குக் கோவம் வந்திருச்சு. எங்க தம்பி மேலயே பழி போடுறியா, கெளம்பு வெளியன்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொன்னது சரியா?"

கடையில் சிமெண்ட் வாசனை. ராமையா அண்ணனின் மனைவி எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "இல்ல சார். முழுச் சரக்குக்கும்தான் போட்டிருக்கேன்."

"பேப்பர் வீட்டுல பீரோல இருக்கு. எடுத்தாரட்டுமா சார்?" என்றார் அண்ணன்.

"ஜஹாஸுக்கு டைம் ஆச்சுண்ணே," என்று நான் எழுந்துவிட்டேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நிமிஷம் வரும். அப்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது: அந்த நிமிஷத்தோடு அது முடிந்துவிடவில்லை. திங்கட்கிழமை கிளைக்குப் போய் ஒரு படிவம் நிரப்பினால் போதும், சரக்கின் மதிப்பை உயர்த்திவிடலாம். ஊர் திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். செய்யவில்லை. உயர்த்தினால் கூடுதல் பிரீமியம் கேட்டு ராமையா அண்ணனிடம் போக வேண்டும். ஜெயமணி சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடை நனைந்தால் அவர் என்ன ஆவார் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தோன்றியது. என் பொறாமை அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

நான் ஊர் திரும்பிய பதினோராம் நாள் புயல் காற்று பிடித்தது. மூன்று நாள் கப்பல் எதுவும் போகவில்லை. நான்காம் நாள் லைன் கிடைத்து ராமையா அண்ணன் பேசினார்.

"கூரை போச்சு தம்பி. ஷீட்டெல்லாம் கடலுக்குப் போயிருச்சு. ரெண்டு நாள் பாரிஷ் உள்ளயே பேஞ்சுது. அரிசி, சக்கர, சிமெண்ட் எல்லாம் போச்சு. பரவால்ல, நீ இருக்கே. ஜல்தி வா."

முதல் கப்பலில் ஏறினேன். மேல்தட்டில் ஒரு பையும் சுருட்டிய தார்ப்பாயுமாக ஜெயமணி உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்கம்மா?"

"ராமையா அண்ணா கடைக்குத்தாங்க. ஜெட்டில பேசிக்கிட்டாங்க. நனைஞ்ச சாமான அள்ளிக் கடல்ல கொட்டிருவாங்க சார். நஷ்டத்தக் கணக்கெடுக்குற சர்வேயர் வந்து பாக்க ஒண்ணும் இருக்காது. போன மழையில ஒருத்தர் அப்பிடித்தான் கொட்டிட்டு வெறுங்கையா நின்னாரு."

"அவரு உன் கஸ்டமர் கூட இல்லையே. உனக்கென்ன லாபம்?"

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "லாபமா? ரெண்டரை மாசமா வேலையே இல்லீங்க. வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியல."

அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவர் எனக்கு முன்னால் அந்தக் கடைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று. ஜெட்டியில் இறங்கியதும் ஏறக்குறைய ஓடினேன்.

ஆனால் உள்ளே போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை கரைந்து தரை பிசுபிசுத்தது. சிமெண்ட் மூட்டைகள் மூட்டை வடிவத்திலேயே கல்லாகியிருந்தன. அண்ணன் இரண்டு ஆட்களை வைத்து அரிசியை வெளியே வாரிக்கொண்டிருந்தார். ஜெயமணி வந்ததும் அவர் முகம் இறுகியது. ஜெயமணி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணா, நிறுத்தச் சொல்லுங்க. ஒரு மூட்டைகூட வெளிய போகக் கூடாது. காஞ்சது இந்தப் பக்கம், பாதி நனைஞ்சது நடுவுல, போனது அந்தப் பக்கம். மேல தார்ப்பாய் கட்டுவோம். மிச்சத்தக் காப்பாத்தலேன்னா அதுவும் நம்ம தப்புன்னு சொல்லுவாங்க."

மதியத்துக்குள் கடை மூன்று பாகமாகியிருந்தது. ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்தார். பழைய கொள்முதல் பில்களை அண்ணனின் மனைவியோடு உட்கார்ந்து கொடியில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டார். நான் மூட்டை தூக்கினேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

சர்வேயர் மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. வந்தால் சரக்கைப் பாதியாகக் காட்டியிருப்பதைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். அண்ணனுக்கு அந்தச் செய்தி அவர் வாயால் போகக் கூடாது என்று முதல் முறையாக எனக்குத் தோன்றியது. ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தப் பொண்ணு சொன்னது நெஜம். சரக்க பாதியாத்தான் போட்டேன். உங்க பிரீமியம் கம்மியானது அதனாலதான். நஷ்டத்துல பாதிதான் வரும்."

அவர் துண்டை மடியில் வைத்தார்.

"தெரியாம போட்டியா?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்கு?"

"நீங்க அவகிட்ட போயிரக் கூடாதுன்னு."

அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி, தார்ப்பாய்க் கயிற்றைத் தூணில் கட்டிக்கொண்டிருந்த ஜெயமணியைப் பார்த்தார். "வீடு தேடி வந்து சொன்ன பொண்ண வெளிய போன்னு சொன்னேனே," என்றார். இரண்டு தரம் அதையே சொன்னார். பிறகு என்னிடம், "அடுத்த ஜஹாஸுக்குக் கெளம்பு. என் கண்ணு முன்னால நிக்காத," என்றார்.

ஜெயமணியிடமும் போனேன். தொடங்கிவிட்டேன், இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தில் சொன்னேன். "அந்த மொட்டக் கடிதம் நான் எழுதினது. டீச்சர் சொன்னதையும் நான் மாத்திச் சொன்னேன்."

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எப்படியோ நினைத்திருந்தேன். தெரிந்திருக்கவில்லை. கயிறு அவர் கையில் அப்படியே நின்றது.

"நீங்களா? நான் யார் யாரையோ நெனச்சேன் சார். உங்கள நெனைக்கல." பிறகு, "எங்கப்பா இந்த ரெண்டரை மாசமா மாத்திரைய ஒடச்சு ஒடச்சு சாப்புடுறாரு. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்றார்.

"ஒண்ணும் செய்யல. என்னால முடியாதத நீ செஞ்சே. அதப் பாக்க முடியல."

அவர் அழவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "இப்ப என்கிட்ட சொன்னத அப்பிடியே எழுதிக் குடுங்க. கீழ உங்க பேரு, கையெழுத்தோட," என்றார். பிறகு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

கப்பல் வரும்வரை ஜெட்டியில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம். போர்ட் பிளேரில் இறங்கியதும் நேராகப் போய் மேலாளர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு அன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஜெயமணிமேல் இருந்த தடை அந்த வாரமே நீங்கியது. எனக்கு ஒரு வருஷம் புதுப் பாலிசி எழுதத் தடை. பழையவற்றைப் புதுப்பிக்க மட்டும் அனுமதி. மண்டல் டீச்சர் தெருவில் என்னைப் பார்த்தால் குனிந்துகொண்டு போவார்.

ராமையா அண்ணனுக்கு நஷ்டத்தில் பாதிதான் கிடைத்தது. ஜெயமணி அடுக்கி வைத்துக் காட்டியதால் அந்தப் பாதியாவது சிக்கலில்லாமல் வந்தது. மீதிக்குத் தென்னந்தோப்பை ஒத்திக்கு வைத்துக் கடையை நிமிர்த்தினார். என் ஸ்கூட்டரை விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "அவரு வாங்க மாட்டாரு, கொண்டு போங்க," என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் அந்தத் தீவில் எனக்கு மிஞ்சியிருந்த இரண்டு வாடிக்கையாளர்களின் புதுப்பித்தலுக்காகப் போயிருந்தேன். ஜெட்டிக்குத் திரும்பும்போது கடையிலிருந்து ராமையா அண்ணன் கை தட்டிக் கூப்பிட்டார். காற்றுக்குப் பிறகு முதல் முறையாக.

"ஊருக்குத்தானே போறே? நாளையோட என் பாலிசி முடியுது. தபால் போய்ச் சேராது. இத ஜெயமணி கையில குடுத்திரு." காசோலையும் படிவமும் இருந்த உறையை நீட்டினார். ஒட்டக்கூட இல்லை.

கப்பலில் அதைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதுதான். படிவத்தை ஜெயமணி நிரப்பி அனுப்பியிருந்தார். சரக்கு முழு மதிப்புக்கு இருந்தது. மழைக்காலத்தில் கூடுதலாகச் சேரும் சரக்குக்குத் தனியாக ஒரு தொகை. சின்ன நஷ்டங்களைக் கடைக்காரரே ஏற்கிறார் என்ற விருப்பம், பழைய உடைந்த படகுக்கு வீணாக ஓடிக்கொண்டிருந்த பாலிசிக்கு ரத்து. எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் அரைகுறையாகப் போட்டுக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், அப்போதும் எரிந்தது.

கடல் கொந்தளிப்பாக இருந்தது. மேல்தட்டில் நீர் அடித்தது. உறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிளை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ஜெயமணி வந்தார். உறையைக் கொடுத்தேன். காசோலையில் தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார்.

"நனையலீங்களே?"

"இல்ல."

தலையை அசைத்துவிட்டுக் கவுண்டர் வரிசையில் போய் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அன்று புதுப்பிக்க வேண்டியவை என் கையில் இரண்டு. அவர் கையில் இருந்தவற்றை எண்ணக் கூடாது என்று சுவரைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். பதினான்கு இருந்தன.